கேமிங் நாற்காலியும் தறிக்குழியும்

சென்ற மாதம் ஒரு பகற்பொழுதில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று வந்து இறங்கியது. கொண்டுவந்த இளைஞர் தனியே தூக்க முடியாமல் எங்கள் தம்பியையும் கைகொடுக்க அழைத்தார். உள்ளே இருந்தது ஒரு கேமிங் நாற்காலி. கணினியின் முன் மணிக்கணக்காக அமர்ந்து விளையாடுகிறவர்களுக்கென்று செய்யப்படுவது. எங்கள் வீட்டில் அப்படி விளையாடுகிறவர் எவரும் இல்லை. ஆயினும் 16,000 ரூபாய் கொடுத்து அதை வாங்கினோம். ஏன் வாங்கினோம், அதில் அமர்ந்து என்ன கண்டோம், முன்பே எவற்றை அறிந்திருக்க வேண்டும் என்பவற்றை இம்மடலின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். நாங்கள் மருத்துவர்கள் அல்லர். இம்மருத்துவமனையின் இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு இரண்டு ஆண்டுகளாக வந்துபோகும் ஒரு குடும்பத்தினர், அவ்வளவே.

எங்கள் ஊர் தென்னேரி. வாலாஜாபாத்துக்கு அருகே, பெரிய ஏரியை ஒட்டி அமைந்த ஊர். திரையனேரி என்ற பழம்பெயரே தென்னேரி என்று மருவியது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் தந்தையார் பதினைந்து வயதில் பட்டுத்தறியில் அமர்ந்தவர். இப்போது அவருக்கு அறுபத்து நான்கு வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடுப்பில் தொடங்கிய வலி இடது காலின் வழியே இறங்கி, செருப்பை மாட்டக்கூடக் குனிய முடியாத நிலைக்கு அவரைக் கொண்டுவந்தது. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் வட்டு ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். அறுவை சிகிச்சை வேண்டியிருக்கவில்லை. பயிற்சியாலும் ஓய்வாலும் பெரும்பாலும் தேறிவிட்டார். தறியில் அமரும் நேரம் மட்டும் பாதியாகக் குறைந்தது.

அவருடைய வருவாய் குறைந்த இடத்தைத் தம்பியின் வருவாய் நிரப்பிவருகிறது. அவர் வீட்டிலிருந்தபடியே கணினியில் பணிபுரிகிறார். மாலையில் அமர்ந்தால் நள்ளிரவுக்குப் பிறகே எழுவார். உணவு மேசையும் பிளாஸ்டிக் நாற்காலியுமே அவருடைய அலுவலகம். இருபத்தேழு வயதில் அவருக்குக் கழுத்து வலியும், காலையில் எழும்போது இடுப்புப் பிடிப்பும் வந்தபோது நாங்கள் அஞ்சினோம். ஒரே வீட்டில் இரண்டாவது முதுகும் போய்விடுமோ என்பதே அந்த அச்சம். அந்த அச்சத்தில்தான் நாற்காலி வாங்கினோம்.

முதல் நாட்களில் கண்டவை

நல்லவற்றை முதலில் சொல்லிவிடுகிறோம். சாவி போன்ற சிறு கம்பி ஒன்றையும் படம் போட்ட தாளையும் கொண்டு ஒரு மணி நேரத்தில் நாங்களே அதைப் பூட்டி முடித்தோம். இருக்கையின் உயரத்தை ஏற்றி இறக்கலாம். சாய்மானத்தைப் பின்னுக்குத் தள்ளலாம். கைப்பிடியின் உயரத்தை மாற்றலாம். பிளாஸ்டிக் நாற்காலியில் இவை ஒன்றும் இல்லை. முதல் இரவு பணி முடித்து எழுந்த தம்பி, "இடுப்பு இன்றைக்குப் பிடிக்கவில்லை" என்றார். அம்மாவின் முகம் மலர்ந்தது.

மூன்றாம் நாளிலிருந்து வேறு சில தெரியத் தொடங்கின. தோல்போன்ற அந்த உறை எங்கள் ஊர் வெயிலுக்கு ஏற்றதாக இல்லை. மின்சாரம் நின்ற அரைமணியில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கழுத்துக்கென்று தந்திருந்த சிறு தலையணை தலையை முன்னே தள்ளியது. அதைக் கழற்றிய பிறகே கழுத்து நேரானது. இடுப்புத் திண்டு இருக்க வேண்டிய வளைவில் இல்லாமல் மேலே நின்றது. கீழே இறக்கிக் கட்டினோம். கைப்பிடிகள் மேசையின் விளிம்பில் இடித்ததால் நாற்காலியை மேசைக்குள் நகர்த்த முடியவில்லை. அதனால் தம்பி மறுபடியும் முன்னே குனிந்தே தட்டச்சு செய்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, இருக்கையின் இரு பக்கமும் உயர்ந்து நிற்கும் விளிம்புகள் தொடைகளை நெருக்கின. ஒரு காலை மடித்து வைத்துக்கொள்வதும், சற்றுநேரம் சம்மணமிடுவதும் நம்மவர்களின் பழக்கம். அந்த நாற்காலி அதற்கு இடம் தரவில்லை.

ஏன் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று தேடியபோது காரணம் விளங்கியது. இதன் வடிவம் பந்தயக் காரின் இருக்கையிலிருந்து வந்தது. டிஎக்ஸ்ரேசர் என்னும் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் அந்த வடிவத்தை மேசை நாற்காலியாக்கி விற்கத் தொடங்க, மற்ற நிறுவனங்களும் அதைப் பின்பற்றின. பந்தயக் கார் வளைவில் விரையும்போது ஓட்டுநரின் உடல் பக்கவாட்டில் சரியாமல் பிடித்துக்கொள்ளவே அந்த உயர்ந்த விளிம்புகள். தோளருகே உள்ள இரண்டு துளைகள் ஓட்டுநரைக் கட்டும் பட்டைகளை நுழைப்பதற்கானவை. எங்கள் வீட்டு மேசை எந்த வளைவிலும் திரும்புவதில்லை. உடலை அசையாமல் பிடிப்பதற்காகப் பிறந்த வடிவத்தை, அசைய வேண்டிய உடலுக்கு வாங்கியிருக்கிறோம்.

இதற்கு நேர்மாறான கதையும் ஒன்று உண்டு. அலுவலக நாற்காலிகளுள் உலகப் புகழ்பெற்றது 1994இல் ஹெர்மன் மில்லர் நிறுவனம் வெளியிட்ட ஏரான். அதை வடிவமைத்த பில் ஸ்டம்ப், டான் சாட்விக் இருவரும் அதற்கு முன் முதியோருக்கான இருக்கையைப் பற்றியே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். தடித்த பஞ்சிலும் பிளாஸ்டிக் உறையிலும் நெடுநேரம் அமர்ந்திருக்கும் முதியவர்களுக்கு வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து புண் உண்டாவதைக் கண்டே, காற்றுப் புகும் வலைத்துணியை இருக்கையாக்கும் எண்ணத்துக்கு வந்தார்கள். அந்த நாற்காலியின் விலை நம் போன்றோருக்கு எட்டாது. ஆனால் அதன் பாடம் இலவசம். படுக்கைப்புண்ணைப் பற்றி இம்மருத்துவமனையில் செவிலியர்கள் நமக்குச் சொல்வதும் அதே பாடந்தான்: காற்றுப் படட்டும், அழுத்தம் ஒரே இடத்தில் நிற்க வேண்டாம், அடிக்கடி நிலை மாற்றுங்கள்.

தந்தையார் அமர்ந்து பார்த்தது

நாற்காலி வந்த பத்தாம் நாள் இரவு, எல்லோரும் உறங்கியபின் தந்தையார் அதில் அமர்ந்து பார்த்திருக்கிறார். தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா கண்டார். குள்ளமான உடல்வாகு அவருக்கு. இருக்கையை எவ்வளவு இறக்கியும் பாதங்கள் தரையைத் தொடவில்லை. தொடையின் அடிப்பகுதி விளிம்பில் அழுந்திக் கால் மரத்துப்போயிருந்தது. எழுவதற்குக் கைப்பிடியை அழுத்தியபோது சக்கரங்கள் உருண்டு நாற்காலி பின்னே நழுவியது. அம்மா அருகில் இருந்ததால் அவர் கீழே விழவில்லை.

இதை நாங்கள் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வழவழப்பான தரையில் சக்கர நாற்காலி எளிதில் ஓடும். இடுப்பு வலியோ கால் பலவீனமோ உள்ளவர், அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர், தலைச்சுற்றல் தரும் மாத்திரை உண்பவர் ஆகியோர் எழும்போதும் அமரும்போதும் அது பின்னே நழுவினால் விழுவது உறுதி. முதியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அந்தக் குடும்பம் படும் பாட்டை இம்மடலின் வாசகர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கு வேண்டியது நான்கு கால்களும் நகராமல் நிற்கும், கைப்பிடி உள்ள, உட்காரும் இடம் சற்று உயரமான சாதாரண நாற்காலி.

ஏன் இரவில் ஒளிந்து அமர வேண்டும் என்று அம்மா கேட்டபோதுதான் மற்றொன்று வெளிப்பட்டது. கால்வலி மீண்டும் வந்திருக்கிறது. மூன்று வாரமாக யாரிடமும் அவர் சொல்லவில்லை. மருத்துவமனையின் வருகை அட்டையை எடுத்துப் பார்த்தோம். நான்கு தேதிகள் வெறுமையாக இருந்தன. இயன்முறைப் பயிற்சிக்குப் போகிறேன் என்று கிளம்பியவர் வாலாஜாபாத் வரை போய்த் திரும்பியிருக்கிறார். "சம்பாதிக்கிற முதுகு அவனுடையதுதானே, முதலில் அதைப் பார்க்கட்டும் என்று இருந்தேன்" என்றார். நாற்காலிக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்த வீட்டில் தம் செலவைக் குறைக்க எண்ணியிருக்கிறார்.

எங்களுக்கு அன்று உறக்கம் வரவில்லை. 16,000 ரூபாய்க்கு ஒரு பொருள் வாங்கும்போது அதன் நிறத்தைப் பற்றி இரண்டு நாள் பேசினோம். ஐம்பது ஆண்டுகள் தறிக்குழியில் அமர்ந்த மனிதரிடம் "கால் எப்படி இருக்கிறது" என்று ஒருமுறை உட்காரவைத்துக் கேட்கவில்லை. நோயாளி சொல்லவில்லை என்பதை நோய் இல்லை என்று எடுத்துக்கொண்டோம். கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினர் எளிதில் செய்யும் பிழை இதுவென்று இப்போது எண்ணுகிறோம்.

இருக்கை மருந்தாகுமா?

மறுவாரம் தந்தையாரையும் தம்பியையும் ஒன்றாக அழைத்துவந்தோம். இயன்முறை மருத்துவர் அம்மையார் இருவரையும் அமரச்செய்து பார்த்தார். பிறகு அவர் சொன்னது எளிமையானது: எந்த நாற்காலியும் உட்காருவதன் தீங்கை முழுதும் நீக்காது, நல்ல நாற்காலி அதைக் குறைக்கும், எழுந்து நடப்பதை எந்த நாற்காலியும் செய்து தராது.

நாங்கள் படித்தறிந்தவையும் இதனோடு ஒத்துப்போகின்றன. சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960களில் முதுகெலும்பு வட்டுக்குள் நுண்ணூசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட, பிடிப்பின்றி உட்காரும்போது அழுத்தம் கூடுகிறது, முன்னே குனிந்து உட்காரும்போது மேலும் கூடுகிறது என்று கண்டார். 1999இல் ஜெர்மனியில் நடந்த மற்றோர் அளவீட்டில் நிற்பதற்கும் உட்காருவதற்கும் அவ்வளவு பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஆனால் குனிந்தால் அழுத்தம் ஏறுவது அதிலும் தெரிந்தது. 2006இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 22 பேரை வெவ்வேறு நிலைகளில் அமரவைத்து எம்ஆர்ஐ எடுத்தபோது, நிமிர்ந்த 90 பாகையைவிடச் சற்றுப் பின்சாய்ந்த 135 பாகை நிலையே முதுகுக்கு இதமாகத் தோன்றியது. ஆக, விறைப்பாக நிமிர்ந்திருக்க வேண்டும் என்று பள்ளியில் கற்ற பாடமும் முழு உண்மை அன்று.

அழுத்தத்தைப் பற்றிய கேள்வி ஒருபுறம். அசைவைப் பற்றிய கேள்வி மறுபுறம். இலண்டனின் மாடிப் பேருந்துகளில் நாள்முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிப் பயணச்சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவாக இருந்ததை ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவர் 1953இல் வெளியிட்டார். இருவரும் ஒரே பேருந்தில் பணிபுரிந்தவர்கள்.

கீழ்முதுகு வலி 2020இல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இருந்தது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. நோயைப் பற்றிய தெளிவும் உடற்பயிற்சியும் அதில் பரிந்துரைக்கப்படுகின்றன. இடுப்புப் பட்டை, முதுகுத் தாங்கி போன்றவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று அது கூறுகிறது. "முதுகு வலி போய்விடும்" என்று விளம்பரம் செய்யும் பொருட்களைப் பார்க்கும்போது இதை நினைவில் கொள்ளலாம்.

தறிக்குழியை இங்கே எண்ணிப் பார்க்கிறோம். நெசவாளர் தரையின் விளிம்பில் அமர்ந்து கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மிதிக்கிறார். கைகள் நாடாவை எறிகின்றன. கைகால் ஓயாமல் அசைகின்றன; ஆனால் முதுகுக்குச் சாய்மானம் இல்லை, கண்கள் பாவின் மேல் கவிந்திருக்க, உடல் முன்னே வளைந்தே இருக்கிறது. தம்பியின் நாற்காலியில் சாய்மானம் உண்டு, அசைவு இல்லை. இரண்டும் முதுகை வெவ்வேறு வழியில் வருத்துகின்றன. இரண்டுக்கும் பொதுவான தீர்வு ஒன்றே: இடையிடையே எழுவது.

எங்கள் கருத்து

கேமிங் நாற்காலி வாங்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் எட்டு மணிநேரம் அமர்ந்தவருக்கு அது முன்னேற்றமே. ஆனால் அதை மருந்தாக எண்ணி வாங்க வேண்டாம் என்கிறோம். வாங்குமுன் இருப்பதைத் திருத்திப் பாருங்கள். பாதம் முழுதும் தரையில் பட வேண்டும். எட்டாவிட்டால் கீழே பலகை வையுங்கள். முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழையும் இடம் வேண்டும். இடுப்பின் வளைவில் சுருட்டிய துண்டு ஒன்றே போதும். முழங்கை மேசை உயரத்தில் நிற்க வேண்டும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்க வேண்டும். மடிக்கணினியானால் நான்கு தடித்த புத்தகங்களின்மேல் வைத்துத் தனி விசைப்பலகை இணைத்துக்கொள்ளலாம். இவற்றுக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான்.

அதன்பின்னும் நாற்காலி வேண்டுமென்றால் கடைக்கு நேரில் சென்று அரைமணி நேரம் அமர்ந்து பாருங்கள். உங்கள் உயரத்துக்கு அது இறங்குகிறதா, துணி காற்றுப் புக விடுகிறதா, கைப்பிடி மேசைக்கு அடியில் போகிறதா என்பனவே கேள்விகள். நாங்கள் இவற்றுள் ஒன்றையும் கேட்காமல் படத்தைப் பார்த்து வாங்கினோம்.

இன்னொரு செய்தி, நோயாளியின் அருகில் இருப்பவரைப் பற்றியது. தந்தையாருக்கு வலி மிகுந்திருந்த நாட்களில் அம்மா கட்டிலருகே முக்காலி ஒன்றில் அமர்ந்தே இரவுகளைக் கழித்தார். அவருடைய முதுகைப் பற்றி யாரும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. நோயாளியைத் தூக்குவதும் புரட்டுவதும் கவனிப்பவரின் முதுகையே முதலில் தாக்கும். எப்படித் தூக்குவது என்பதை இயன்முறைப் பிரிவில் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். துணைக்கு இருப்பவருக்குச் சாய்மானமுள்ள இருக்கை ஒன்று கிடைப்பது சலுகை அன்று, தேவை. இம்மருத்துவமனையும் பிற மருத்துவமனைகளும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டுமென்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

உட்காருவது சிலருக்கு நோய் என்றால், உட்கார இடமின்மை வேறு சிலருக்கு நோய். பட்டுச்சேலைக் கடைகளில் நாள்முழுதும் நின்றபடி சேலை விரித்துக்காட்டும் பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கோழிக்கோட்டுக் கடைப் பெண்களின் போராட்டத்தைத் தொடர்ந்து கேரளம் 2018இல் அவர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021இல் தமிழ்நாடும் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டுமென்று விதித்தது. தந்தையார் நெய்த சேலையை விற்கும் கால்களுக்கும் ஓய்வு வேண்டும் அல்லவா?

இறுதியாக ஓர் எச்சரிக்கை. முதுகு வலியோடு கால் பலவீனம், பிறப்புறுப்பைச் சுற்றிய பகுதியில் மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் திடீர் மாற்றம், காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், ஓய்விலும் குறையாத இரவு வலி ஆகியவற்றுள் எது வந்தாலும் நாற்காலியை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே மருத்துவரிடம் வாருங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் நாற்காலி இருக்கிறது. அதன்மேல் பருத்தித் துண்டு விரித்திருக்கிறோம். கைப்பிடிகளைக் கழற்றிவிட்டோம். பயன்படாமல் கிடந்த பழைய மிதிபலகை ஒன்றைத் தந்தையார் தம்பியின் காலுக்கு அடியில் வைத்திருக்கிறார். முக்கால் மணிக்கு ஒருமுறை தம்பியின் கைப்பேசி ஒலிக்கிறது. தறியில் இருந்தாலும் கணினியில் இருந்தாலும் இருவரும் எழுகிறார்கள். மாலையில் வேலைக்கு அமருமுன் தம்பி அப்பாவை அழைத்துக்கொண்டு ஏரிக்கரையில் கொஞ்ச தூரம் நடந்துவருகிறார். வருகை அட்டையில் அதன்பின் ஒரு தேதியும் வெறுமையாக இல்லை. அட்டையை இப்போது அம்மா வைத்திருக்கிறார்.